சாவி யார் கையில்?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் பேச எழுந்தால், கல்வி, ஒழுக்கம், தாய்மொழி ஆகிய மூன்றில் ஒன்றைப் பற்றித்தான் பேசுவார் என்று பிள்ளைகள் கொட்டாவி விடத் தயாராகி விடுவார்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கணினியை. ஆனால் பேச்சு முடிவதற்குள் அந்த மூன்றும் தாமாகவே வந்து சேர்ந்து விடும் என்பதை முன்னாலேயே சொல்லி வைக்கிறேன்.

இதை இன்று பேசக் காரணம் உண்டு. அடுத்த மாதம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் கூடுகிறது. நம் கணினி அறையில் இருக்கும் 14 பழைய கணினிகளை என்ன செய்வது என்று அங்கே முடிவெடுக்க வேண்டும். அவற்றில் பல நன்கொடையாக வந்தவை. புதிய இயங்குதளம் இவற்றில் ஏறாது என்று பார்த்தவர்கள் சொல்லி விட்டார்கள்.

"டீச்சர், அந்தப் பழைய பெட்டிங்களத் தூக்கிப் போட்டுட்டு, கொஞ்சம் வசூல் பண்ணிப் புதுசு வாங்கிடலாமே" என்கிறார்கள் சிலர். "அதெல்லாம் வேணாம், பட்டணத்துல ஒரு கடை இருக்கு, பூட்டு உடைச்ச புரோகிராமா ஏத்திக் கொடுப்பான், அம்பது வெள்ளியோட வேலை முடிஞ்சிடும்" என்கிறார்கள் வேறு சிலர். இந்த இரண்டு வழியையும் விட நல்லதாக மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கட்டற்ற மென்பொருள். அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். கேட்டுவிட்டு, சரியென்று பட்டால் கை தூக்குங்கள். இல்லையென்றால் கூட்டத்தில் எழுந்து என்னைக் கேள்வி கேளுங்கள்.

மென்பொருளும் லயத்து வீடும்

கணினி என்பது வெறும் பெட்டி. "இதைக் கூட்டு, இதை எழுது, இதை அச்சடி" என்று அதற்கு இடப்படும் கட்டளைகளின் தொகுப்பே மென்பொருள். அந்தக் கட்டளைகளுக்கு இரண்டு உருவங்கள் உண்டு. ஒன்று, மனிதன் எழுதிய உருவம். அதை மூலநிரல் என்கிறோம். படிப்பு உள்ளவர்கள் அதை வாசித்து, இங்கே இப்படிச் செய்கிறது, அங்கே பிழை இருக்கிறது என்று கண்டு திருத்த முடியும். இன்னொன்று, இயந்திரத்துக்காக எண்களாக மாற்றப்பட்ட உருவம். அதைப் பார்த்து மனிதனால் ஒன்றும் எளிதில் புரிந்துகொள்ள முடியாது.

தனியுரிமை மென்பொருள் விற்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டாவது உருவத்தை மட்டுமே நமக்குக் கொடுக்கின்றன. மூலநிரல் அவர்கள் பெட்டகத்தில் இருக்கும். கூடவே ஒரு நீண்ட உரிம ஒப்பந்தம் வரும். யாரும் படிப்பதில்லை, 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தி விடுகிறோம். அதைப் படித்தால் தெரியும்: நாம் எதையும் வாங்கவில்லை. அவர்கள் சொல்லும் நிபந்தனைப்படி பயன்படுத்திக்கொள்ள அனுமதி பெற்றிருக்கிறோம், அவ்வளவுதான். பிரித்துப் பார்க்கக் கூடாது, திருத்தக் கூடாது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் படி எடுத்துக் கொடுக்கக் கூடாது.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. மூன்று தலைமுறை குடியிருந்தாலும் லயத்து வீடு கம்பெனி வீடுதான். அடுப்படியை இரண்டடி நீட்ட வேண்டுமென்றாலும் மேனேஜரைக் கேட்க வேண்டும். வேலை நின்ற அன்று வீடும் நின்று போகும். தோட்டம் கைமாறியபோது, வாசலில் தாத்தா நட்ட மாமரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மூட்டை கட்டிய குடும்பங்கள் எத்தனை! அந்த வீட்டில் வாழ்ந்தது உண்மை. பிள்ளை பெற்றது உண்மை. ஆனால் சாவி நம்முடையது இல்லை. தனியுரிமை மென்பொருளில் நாம் குடியிருப்பதும் அப்படித்தான்.

விண்டோஸ் எக்ஸ்பி என்ற இயங்குதளத்தை உலகம் முழுதும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தினார்கள். 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு மைக்ரோசாப்ட் அதற்கான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. அதற்குப் பின் சிலருக்குத் தவணை நீட்டிப்பு கிடைத்தது. ஆனால் தவணை தவணைதானே! அடுத்ததான விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், அவர்கள் பட்டியலில் உள்ள செயலியும் வேண்டும். ஏறத்தாழ 2018-க்கு முன் வந்த பல கணினிகளில் இவை இல்லை. நிறுவனம் சட்டத்தை மீறவில்லை. தேதியையும் முன்கூட்டியே அறிவித்தது. நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்தக் கணினிகளில் திரை கெடவில்லை, விசைப்பலகை தேயவில்லை. நல்ல நிலையில் உள்ள ஒரு பொருள் 'பழசு' ஆகும் நாளை, அதை வைத்திருப்பவர் முடிவு செய்யவில்லை; வேறொருவர் முடிவு செய்தார்.

கத்தியும் டிராக்டரும்

பால் மரம் வெட்டிய நம் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொருவர் கத்தியும் அவரவர் கைவாகுக்குத் தீட்டப்பட்டிருக்கும். ஒருவர் கத்தியை மற்றவர் எடுத்தால் பட்டை சரியாக வராது என்பார்கள். செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளும் அப்படித்தான். "இந்தக் கத்தியை நீ தீட்டக் கூடாது, மழுங்கினால் எங்கள் கடைக்கு வந்து எங்கள் ஆளிடம் பணம் கட்டித்தான் தீட்ட வேண்டும்" என்று யாராவது சொன்னால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா?

ஆனால் அமெரிக்காவில் உழவர்களுக்கு இந்த நிலைதான் வந்தது. இன்றைய டிராக்டருக்குள் கணினி இருக்கிறது. ஏதோ ஓர் உணர்கருவி கோளாறு என்று சொன்னால் வண்டி நின்று விடும். ஜான் டியர் என்னும் பெரிய நிறுவனத்தின் டிராக்டர்களில், சில பழுதுகளைக் கண்டுபிடித்து நீக்கத் தேவையான மென்பொருள் முகவரிடம் மட்டுமே இருந்தது. கையில் ஸ்பானர் இருக்கிறது, தொழில் தெரிகிறது, அறுவடைக் காலம் போய்க்கொண்டிருக்கிறது. ஆனாலும் முகவர் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். டிராக்டருக்குள் இருக்கும் மென்பொருள் வாங்கியவருக்குச் சொந்தமில்லை, அதைப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே அவருக்கு உண்டு என்று 2015-இல் பதிப்புரிமை அலுவலக விசாரணை ஒன்றில் அந்நிறுவனம் வாதாடியது. உழவர்கள் விடவில்லை. பல ஆண்டுகள் போராடினார்கள். 2023 ஜனவரியில் உழவர் கூட்டமைப்போடு அந்நிறுவனம் உடன்பாடு ஒன்று செய்துகொண்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் வணிக ஆணையமே இதன் தொடர்பில் வழக்குத் தொடுத்தது.

இன்னொன்று கேளுங்கள். 2009 ஜூலையில் அமேசான் நிறுவனத்தின் கிண்டில் என்ற மின்னூல் கருவியில் சிலர் காசு கொடுத்து வாங்கிய நூல்கள் திடீரென்று மாயமாகி விட்டன. அந்த நூல்களை விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்று தெரிய வந்ததாம். உடனே நிறுவனம் தொலைவில் இருந்தபடியே எல்லார் கருவிகளிலிருந்தும் அவற்றை அழித்து விட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பின்னர் வருத்தமும் தெரிவித்தார்கள். அழிந்தவற்றுள் ஒன்று, மக்களை இரவும் பகலும் கண்காணிக்கும் அரசைப் பற்றி ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' என்ற நாவல்! கடையில் வாங்கிய புத்தகத்தை, கடைக்காரர் இரவில் நம் வீட்டுக்குள் வந்து எடுத்துப் போக முடியுமா? மென்பொருளின் சாவி வேறு கையில் இருந்தால் முடிகிறது.

ஓர் அச்சுப்பொறியில் தொடங்கிய கதை

இதற்கு மாற்று வழி எப்படிப் பிறந்தது? பிள்ளைகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கல்விக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் நிரலாளராக இருந்தார். அங்கிருந்த அச்சுப்பொறியில் அடிக்கடி தாள் சிக்கும். பல மாடிகள் உள்ள கட்டடம். இயந்திரம் ஓரிடம், ஆட்கள் ஓரிடம். தாள் சிக்கினால் உடனே எல்லாருக்கும் செய்தி போகும்படி அவர் மென்பொருளைத் திருத்தி வைத்தார். மூலநிரல் கையில் இருந்ததால் இது முடிந்தது. பிறகு 1980 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி வந்தது. அதிலும் தாள் சிக்கியது. ஆனால் அதன் மூலநிரலைத் தரவில்லை. அது தன்னிடம் உள்ள ஒருவரை வேறொரு பல்கலைக்கழகத்தில் தேடிப் போய்க் கேட்டார். "யாருக்கும் கொடுப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்" என்று அவர் மறுத்து விட்டார். அறிந்தவர் அறியாதவருக்கு உதவுவதையே குற்றமாக்கும் ஒப்பந்தமா என்று ஸ்டால்மன் மனம் நொந்தார்.

நொந்ததோடு அவர் நிற்கவில்லை. 1983 செப்டம்பர் 27-ஆம் நாள், எல்லாரும் தடையின்றிப் பயன்படுத்தக் கூடிய முழு இயங்குதளம் ஒன்றைத் தாமே எழுதப் போவதாக அறிவித்தார். அதற்கு 'குனு' என்று பெயர். 1984-இல் வேலையை விட்டு விலகி அதில் இறங்கினார். 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கினார். 1991-இல் பின்லாந்து நாட்டில் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், இயங்குதளத்தின் நடுநாயகமான கருவை எழுதினார். அதுதான் லினக்ஸ். இரண்டும் சேர்ந்து ஒரு முழு இயங்குதளம் ஆயின. பிறகு உலகெங்கும் இருந்து ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கொரு கை கொடுத்தார்கள்.

கட்டற்ற மென்பொருள் என்றால் நான்கு உரிமைகள் இருக்க வேண்டும். எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம். உள்ளே எப்படி இயங்குகிறது என்று படித்துப் பார்த்து வேண்டியபடி மாற்றலாம். படி எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். நாம் செய்த திருத்தத்தையும் பிறரோடு பகிர்ந்துகொள்ளலாம். 1989-இல் வெளியான குனு பொது உரிமம் இதற்கு ஒரு வேலியும் போட்டது. இந்த மென்பொருளை எடுத்துத் திருத்திப் பிறருக்குக் கொடுப்பவர், அதே நான்கு உரிமைகளோடுதான் கொடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டி வைக்கக் கூடாது.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். ஓசியில் கிடைப்பதெல்லாம் கட்டற்றது ஆகாது. நம் கைப்பேசியில் வாட்ஸ்அப் ஓசிதான், பேஸ்புக் ஓசிதான். ஆனால் அவற்றை நாம் திறந்து பார்க்க முடியுமா? மாற்ற முடியுமா? முடியாது. விலை இல்லாத வீட்டுக்கும் சாவி வேறொருவர் கையில் இருக்கலாம். கட்டற்ற மென்பொருளைக் காசுக்கு விற்கவும் அனுமதி உண்டு. ஆகவே பேச்சு விலையைப் பற்றியது அன்று, உரிமையைப் பற்றியது.

பத்து வெள்ளியின் பாடம்

"எல்லாரும் கூடி ஒன்றைச் செய்து எல்லாரும் வைத்துக்கொள்வதா? இது நடக்கிற காரியமா?" என்று கேட்கத் தோன்றும். நடக்கிற காரியம் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சாட்சி உண்டு. ஐம்பதுகளில் வெள்ளைக்காரர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டு துண்டாயின. பாட்டாளிகள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொன்னார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அச்சங்கம் வாங்கியது. பால் வெட்டியவனே தோட்டத்துக்குப் பங்காளி ஆனான்.

பத்து வெள்ளியால் ஒரு தோட்டத்தை வாங்க முடியாது. பத்து வெள்ளிகள் பல சேர்ந்தால் முடியும். கட்டற்ற மென்பொருளும் அதே கணக்குத்தான். ஒருவர் ஒரு பிழையைத் திருத்துகிறார். இன்னொருவர் ஒரு பக்கத்தை மொழிபெயர்க்கிறார். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நிலத்தைப் பங்கு போட்டால் பங்கு சிறுக்கும். மென்பொருளைப் பகிர்ந்தால் குறைவதே இல்லை. விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுவது போல.

தமிழுக்கு இதில் என்ன?

தொண்ணூறுகளில் தமிழில் தட்டெழுதியவர்களுக்கு ஓர் அனுபவம் நினைவிருக்கும். ஒரு கணினியில் அழகாக அடித்த கட்டுரையை வேறு கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல். காரணம், ஒவ்வோர் எழுத்துருவுக்கும் அதை உருவாக்கியவர் தம் விருப்பம்போல் ஒரு குறியேற்றம் வைத்திருந்தார். எழுதியவர் ஒருவர், எழுத்தின் சாவி வேறொருவர் கையில். அனைவருக்கும் பொதுவான யூனிகோடு தரம் பரவிய பிறகுதான் நாம் ஒருவருக்கொருவர் தமிழில் தடையின்றி எழுதிக்கொள்கிறோம்.

தனியுரிமை மென்பொருள் செய்தவர்கள் தமிழுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் நன்றி கெட்ட பேச்சு ஆகும். நம் மலேசிய மண்ணின் மைந்தர் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு மென்பொருளைத் தொடங்கித் தமிழைக் கணினியில் ஏற்றியவர். அந்தத் தொண்டுக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். நான் சொல்ல வருவது வேறு. ஒரு மொழிக்குச் சந்தை இருந்தால் பெரிய நிறுவனம் வரும்; இல்லாவிட்டால் வராது. ஐஸ்லாந்து மக்கள் தொகை மூன்று இலட்சத்துக்கும் குறைவாக இருந்த தொண்ணூறுகளில், விண்டோஸை அவர்கள் மொழியில் தர மைக்ரோசாப்ட் தயங்கியது. அந்நாட்டு அரசே தலையிட வேண்டியிருந்தது. கட்டற்ற மென்பொருளில் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. மொழிப்பற்று உள்ள நாலு பேர் உட்கார்ந்தால் போதும். அப்படித் தமிழன்பர்கள் ஊதியம் பாராமல் உழைத்ததால்தான் இன்று லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளிலும், பயர்பாக்ஸ் உலாவியிலும் கட்டளைகளைத் தமிழிலேயே காணலாம். எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சுக் கருவியும் அப்படி வந்ததே. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இயங்குவதும் கட்டற்ற மென்பொருளின் மேல்தான்.

களவு கற்பிக்கும் வகுப்பறை வேண்டாம்

இப்போது ஒழுக்கத்துக்கு வருகிறேன். பூட்டு உடைத்த புரோகிராமைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அது நம் நாட்டுச் சட்டப்படி குற்றம். கிருமி நிரல்கள் ஒளிந்து வருவதும் பெரும்பாலும் அதில்தான். அதைவிடப் பெரிய இடையூறு வேறு ஒன்று. காலையில் நன்னெறிக் கல்வி வகுப்பில் "பிறர் பொருளை எடுக்காதே" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பத்து மணிக்குக் கணினி அறையில் திருட்டு மென்பொருளைத் திறந்து வைத்தால், பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? ஆசிரியர் வாயைப் பார்த்து அன்று, கையைப் பார்த்தே பிள்ளை கற்கிறது.

சரி, சட்டப்படி வாங்கிய தனியுரிமை மென்பொருளாக இருந்தால்? "டீச்சர், இது நல்லா இருக்கு. என் தம்பிக்கும் ஒரு படி தாங்க" என்று பிள்ளை கேட்கும். "கூடாது" என்று சொல்ல வேண்டும். "இது எப்படி டீச்சர் கணக்குப் போடுது?" என்று இன்னொரு பிள்ளை கேட்கும். "தெரிந்துகொள்ள அனுமதி இல்லை" என்று சொல்ல வேண்டும். பகிர்ந்து உண்ணக் கற்பிப்பதும், ஏன் எப்படி என்று கேட்கக் கற்பிப்பதும்தானே பள்ளிக்கூடம்? கட்டற்ற மென்பொருளில் முதல் பிள்ளைக்கு "எடுத்துக்கொண்டு போ" என்று சொல்லலாம். இரண்டாம் பிள்ளைக்கு "திறந்து பார்" என்று சொல்லலாம். இந்த இரண்டு சொல்லையும் மனச்சாட்சி உறுத்தாமல் சொல்ல முடிகிற வகுப்பறையே எனக்கு வேண்டும்.

உங்கள் கேள்விகள்

"ஆபிஸ்ல எல்லாம் விண்டோஸ்தானே இருக்கு? நம்ம புள்ளைங்க பின்தங்கிடாதா?" நியாயமான கேள்வி. ஹோண்டா மோட்டாரில் ஓட்டப் பழகியவனுக்கு யமாஹா ஓட்ட வராதா? கடிதம் தட்டுவதும், அட்டவணையில் கூட்டல் போடுவதும் ஒன்றில் கற்றால் மற்றொன்றில் வரும். பொத்தானின் இடம் மாறும், அறிவு மாறாது. இன்று தரம் ஒன்றில் இருக்கும் பிள்ளை வேலைக்குப் போகும்போது எந்த நிறுவனத்தின் எந்தப் பதிப்பு இருக்கும் என்று யார் கண்டார்?

"சும்மா கிடைக்கிறது தரமா இருக்குமா?" உங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்கள். ஆண்டிராய்டு கைப்பேசி என்றால் அதன் கரு லினக்ஸ்தான். உலகின் மிக வேகமான 500 மீத்திறன் கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் 500-இலும் லினக்ஸ்தான்.

"வேற யாராச்சும் பள்ளிக்கூடத்துல செஞ்சிருக்காங்களா?" கேரளத்தில் செய்திருக்கிறார்கள். 2001-இல் அந்த மாநில அரசு பள்ளிகளுக்கான கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அதைக் கட்டற்ற மென்பொருளுக்கே மாற்றியது. ஆயிரக்கணக்கான அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள். 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்களும் இயங்குகின்றன. நம் நாட்டிலும் 2004-இல் பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை அரசு வெளியிட்டது.

"இதுல கஷ்டமே இல்லையா, டீச்சர்?" உண்டு. மறைக்க மாட்டேன். இரண்டு கணினிகளில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை ஏற்றிச் சில மாதங்களாக நடத்திப் பார்க்கிறோம். அச்சுப்பொறி ஒன்று வழிக்கு வர இரண்டு பிற்பகல் ஆனது. விண்டோஸில் மட்டுமே ஓடும் சில நிரல்கள் இதில் ஓடா. அதற்காக ஒரு கணினியைப் பழைய வழியிலேயே வைத்துக்கொள்வோம். கல்வி அமைச்சின் டெலிமா தளத்தை உலாவியிலேயே திறக்கலாம். 4 ஜி.பி. நினைவகம் இருந்தால் பழைய கணினியும் நன்றாக ஓடுகிறது. ஒரு பதிப்புக்கு ஐந்தாண்டு பராமரிப்பு. அது முடிந்ததும் அடுத்த பதிப்பை ஏற்ற யாருக்கும் பணம் கட்ட வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். டக்ஸ் பெயின்டில் சிறுவர் படம் வரைகிறார்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் லிப்ரே ஆபிஸில் தமிழ்க் கட்டுரை தட்டுகிறார்கள். 'இது பழைய கணினி' என்று ஒரு பிள்ளைகூட இதுவரை முகம் சுளிக்கவில்லை.

என் வேண்டுகோள்

பெற்றோர்களே, நான் கேட்பது மூன்றே மூன்று. முதலாவது, கணினிகளை எடைக்குப் போடாதீர்கள். திருட்டு மென்பொருளையும் ஏற்றாதீர்கள். இரண்டாவது, வசூலிக்கும் பணத்தைப் புதிய பெட்டிகளில் கொட்டாமல், நினைவகத்தைக் கூட்டவும், மின்கம்பியைச் சரி பார்க்கவும், நூலகத்துக்கு நூல் வாங்கவும் பயன்படுத்துங்கள். மூன்றாவது, சனிக்கிழமை ஒரு காலைப் பொழுது வந்து கைகொடுங்கள். கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை. இடைநிலைப்பள்ளியில் படிக்கும் அண்ணன், அக்காமாரை அனுப்பினாலும் போதும். ஒருவர் ஏற்றுவதைப் பார்த்தால் அடுத்தவர் ஏற்றி விடுவார். அந்த வட்டை வீட்டுக்கு எடுத்துப் போய், வீட்டில் தூங்கும் பழைய மடிக்கணினியிலும் ஏற்றலாம். அது குற்றமல்ல, அதற்காகத்தான் அது செய்யப்பட்டது.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு சொல். உலகத்தில் பெரும்பாலோர் கணினியைப் பயன்படுத்துவார்கள். சிலர் மட்டுமே அதற்குக் கட்டளை எழுதுவார்கள். எழுதுகிறவன் வைத்ததே சட்டம். அந்தச் சிலரில் நம் தோட்டத்துப் பிள்ளையும் ஒருவர் இருக்க வேண்டும். லினக்ஸை எழுதத் தொடங்கியவரும் உங்களைப் போல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர்தான். அவருக்கு ஏற்கெனவே பலர் திறந்து வைத்த கருவிகள் கிடைத்தன. உங்களுக்கும் அவை கிடைக்கின்றன. படியுங்கள். பிரித்துப் பாருங்கள். பிழை கண்டால் திருத்துங்கள். திருத்தியதைப் பிறருக்குக் கொடுங்கள்.

நம் பாட்டன்மார் பிறர் நிலத்தில் பிறர் கட்டிய வீட்டில் இருந்தார்கள். நம் பெற்றோர் பலர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சொந்த வீட்டுக்குச் சாவி வாங்கினார்கள். அந்தச் சாவியின் அருமை தெரிந்தவர்கள் நீங்கள். உங்கள் பிள்ளைகள் நாளை படிப்பதும் எழுதுவதும் பிழைப்பதும் கணினிக்குள்தான் என்றால், அந்த வீட்டுக்கும் சாவி அவர்கள் கையில் இருக்கட்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.